ஆண்ட்ராய்டு போனைக் காட்டிக் கார்டில் பணம் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் கார்டை வெளியே எடுக்காமல், போனைக் கார்டு மெஷின் அருகே காட்டிப் பணம் கட்டும் வசதியைப் பற்றியது இந்தப் பக்கம். இந்திய வங்கிக் கார்டும் ஆண்ட்ராய்டு போனும் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. செட்டிங்ஸ் பெயர்களை, போனின் மொழி ஆங்கிலமாக இருக்கும்போது திரையில் தெரிகிறபடி தந்திருக்கிறோம். கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரு சொல் மாறும்.

கியூஆர் ஸ்கேன் செய்து ஜிபே பண்ணுவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கியூஆர் ஸ்கேன் செய்தால் அது யூபிஐ: பணம் வங்கிக் கணக்கிலிருந்து போகும், யூபிஐ பின் போட வேண்டும், நெட் வேண்டும். போனை மெஷினில் காட்டினால் அது கார்டு: உங்கள் டெபிட் அல்லது கிரெடிட் கார்டைத் தேய்த்ததாகவே வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளும். ரிவார்டு பாயின்ட், பில்லிங் தேதி, தகராறு வந்தால் புகார் செய்யும் வழி எல்லாம் கார்டுக்கு உள்ளவைதான். இரண்டும் ஒரே கூகுள் பே செயலிக்குள் இருப்பதால், ஒன்றுக்கு உரிய பின்னை மற்றொன்றுக்குப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

என் போனில் இது வேலை செய்யுமா?

முதலில் போனுக்குள் என்எஃப்சி சிப் இருக்க வேண்டும். மிக அருகில் வைத்தால் மெஷினோடு அலை வழியாகப் பேசும் சிப் அது. செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள தேடல் கட்டத்தில் என்எஃப்சி என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால் சிப் இல்லை, அவ்வளவுதான். எந்த அப்டேட்டும் செயலியும் அதைக் கொண்டுவராது. ஆன்லைனில் விற்கும் என்எஃப்சி ஸ்டிக்கரைப் பின்பக்கம் ஒட்டினாலும் பயனில்லை. அது சிறு தகவலைத் தாங்கும் ஒரு வில்லை மட்டுமே, அதனால் கார்டாக நடிக்க முடியாது.

போன் வாங்கும்போது கவனிக்க ஒன்று: ஒரே பெயரில் வெளிநாட்டில் என்எஃப்சியோடு விற்கும் மாடல், இந்தியாவில் அது இல்லாமல் விற்கப்படுவது பட்ஜெட் போன்களில் சகஜம். யூடியூப் விமர்சனத்தை நம்பாமல், கம்பெனியின் இந்தியத் தளத்தில் உள்ள விவரப் பட்டியலைப் பாருங்கள்.

என்எஃப்சியை எங்கே ஆன் செய்வது?

மேலிருந்து திரையை இழுத்தால் வரும் பட்டன்களில் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் சாம்சங்கில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், என்எஃப்சி அண்ட் காண்டாக்ட்லெஸ் பேமென்ட்ஸ். பிக்சல், மோட்டோரோலாவில் கனெக்டட் டிவைசஸ், கனெக்‌ஷன் பிரிஃபரென்சஸ், என்எஃப்சி. ரெட்மி, போக்கோ, ஒப்போ, ஒன்பிளஸ் வகைகளில் கனெக்‌ஷன் அண்ட் ஷேரிங். எப்போதும் ஆனில் விட்டாலும் பேட்டரி இறங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

கூகுள் பேயில் கார்டைச் சேர்ப்பது எப்படி?

முதலில் போனுக்குத் திரைப்பூட்டு போடுங்கள்: பின், பேட்டர்ன், பாஸ்வேர்டு, கைரேகை இவற்றில் ஒன்று. பூட்டு இல்லாத போனில் கார்டு சேராது. முன்கேமரா படத்தை மட்டும் வைத்து முகம் பார்த்துத் திறக்கும் பூட்டு பல போன்களில் பணப் பரிமாற்றத்துக்குச் செல்லாது. ஆகவே கைரேகையோ பின்னோ வைத்துக்கொள்வதே நல்லது.

பிறகு கூகுள் பேயைத் திறந்து, மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, கிரெடிட் அல்லது டெபிட் கார்டு சேர்க்கும் பகுதிக்குப் போங்கள். கார்டு எண், காலாவதி மாதமும் ஆண்டும், பின்பக்க மூன்று இலக்க சிவிவி ஆகியவற்றைக் கொடுங்கள். வங்கியின் விதிமுறைத் திரை வரும். ஒப்புக்கொண்டால் ஓடிபி வரும். இந்த ஓடிபி வங்கியில் பதிந்த எண்ணுக்குத்தான் போகும், கூகுள் பே வைத்திருக்கும் எண்ணுக்கு அல்ல. அப்பாவின் பழைய நோக்கியாவில் ஓடிபி வந்து கிடக்க, இங்கே திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஓடிபி சரியானால் கார்டு படம் செயலியில் தோன்றும். அதைத் தொட்டு உள்ளே போய், டேப் வசதி, அதாவது போனைக் காட்டிக் கட்டும் வசதி, செயல்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆன்லைன் வாங்கலுக்கு மட்டும் சேர்ந்து, டேப்புக்குச் சேராமல் நிற்கிற கார்டுகள் உண்டு.

“இந்தக் கார்டை டேப் வசதிக்குப் பயன்படுத்த முடியாது” என்கிறது. ஏன்?

எல்லா வங்கியும் இந்த வசதியைத் தரவில்லை. தருகிற வங்கியிலும் எல்லா வகைக் கார்டும் சேராது. ஒரே வங்கியின் கிரெடிட் கார்டு சேர்ந்து டெபிட் கார்டு சேராமல் போகலாம். அது உங்கள் தவறு இல்லை. திரும்பத் திரும்ப முயன்று ஓடிபி வரம்பைத் தாண்டி, ஒரு நாள் முழுக்க முடக்கிக்கொள்ளாதீர்கள். ரூபே கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு நல்ல வழி இருக்கிறது: அதை யூபிஐயில் இணைத்துக்கொண்டு கடையின் கியூஆரை ஸ்கேன் செய்து கட்டலாம்.

வங்கிச் செயலியிலும் ஏதோ ஆன் செய்ய வேண்டும் என்கிறார்களே?

ஆமாம். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் போட்ட உத்தரவு, அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி புதிதாக வரும் கார்டில் ஏடிஎம்மும், கார்டைச் செருகிப் பணம் கட்டுவதும் மட்டும்தான் திறந்திருக்கும். ஆன்லைன், வெளிநாடு, காண்டாக்ட்லெஸ் (செருகாமல் காட்டிக் கட்டுவது) மூன்றையும் கார்டுக்காரர்தான் திறந்துகொள்ள வேண்டும். வங்கிச் செயலியில் கார்டுப் பகுதிக்குப் போய், கார்டு கன்ட்ரோல் அல்லது மேனேஜ் கார்டு என்ற இடத்தில் காண்டாக்ட்லெஸ் சுவிட்சையும் அதன் கீழ் உள்ள தொகை வரம்பையும் பாருங்கள். சுவிட்ச் ஆனில் இருந்தும் வரம்பு பூஜ்யத்தில் இருந்தால் மெஷின் மறுத்துவிடும்.

கூகுள் வாலட் இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

டேப் செய்து கட்ட, தேவையில்லை. அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் கார்டு குடியிருப்பது வாலட்டில்தான். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்து இங்கே தேடினால் கிடைக்காது. இந்தியாவுக்கு 2024 மே மாதம் வந்த கூகுள் வாலட், போர்டிங் பாஸ், சினிமா டிக்கெட், கடை உறுப்பினர் கார்டு போன்றவற்றை வைத்துக்கொள்வதற்காக வந்தது. இங்கே பணத்துக்கு கூகுள் பேதான்.

சாம்சங் போன் வைத்திருக்கிறேன். சாம்சங் வாலட்டா, கூகுள் பேயா?

உங்கள் கார்டை எது ஏற்கிறதோ அது. இரண்டும் ஏற்றால் சாம்சங் வாலட் கொஞ்சம் வசதி: திரையின் கீழ் விளிம்பிலிருந்து மேலே இழுத்தால் கார்டு எழும்பும், கைரேகை வைத்துக் காட்டலாம். 2017-ல் சாம்சங் பே என்று இந்தியாவுக்கு வந்தபோது, கார்டின் காந்தப் பட்டையைப் போலவே நடிக்கும் நுட்பமும் இருந்ததால் பழைய தேய்க்கும் மெஷினிலும் வேலை செய்தது. புதிய மாடல்களில் அது எடுக்கப்பட்டுவிட்டது; இப்போது என்எஃப்சி மட்டுமே.

இரண்டு செயலி இருந்தால் எது பணம் கட்டும்?

டிஃபால்ட்டாக வைத்தது. என்எஃப்சி செட்டிங்ஸுக்குள் காண்டாக்ட்லெஸ் பேமென்ட்ஸ் என்று ஒரு வரி இருக்கும், அங்கே தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டு 15 முதல் இது ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ், வாலட் ஆப் என்ற இடத்திலும் இருக்கிறது. வங்கியின் சொந்தச் செயலியை நிறுவும்போது “டிஃபால்ட் ஆக்கவா?” என்று கேட்கும், யோசிக்காமல் சரி என்று தட்டிவிட்டு, நேற்று வரை வேலை செய்த கூகுள் பே இன்று ஏன் செய்யவில்லை என்று தேடுவது வழக்கமான கதை.

ரெட்மி, போக்கோ, ஷாவ்மி போன்களில் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. என்எஃப்சி பக்கத்திலேயே செக்யூர் எலிமென்ட் பொசிஷன் என்றொரு வரி தெரிந்தால் திறந்து பாருங்கள். சிம் வாலட், எச்சிஇ வாலட் என்று தேர்வுகள் இருக்கும். எச்சிஇ வாலட்தான் வேண்டும். கூகுள் பே, சிம்முக்குள் இருக்கும் சிப்பை நம்புவதில்லை. போனின் மென்பொருளே கார்டாக நடிக்கும் முறையைப் பயன்படுத்துகிறது. அந்த முறையின் பெயர்தான் எச்சிஇ. இது சிம் வாலட்டில் நின்றால், செயலியில் எல்லாம் பச்சையாகத் தெரியும், மெஷினில் மட்டும் எதுவும் நடக்காது. அதே போன்களில் கூகுள் பேயின் பேட்டரி சேவர் அமைப்பை நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று மாற்றிவிடுவதும் நல்லது.

கடையில் எப்படிக் காட்ட வேண்டும்?

நான்கு வளைந்த கோடுகள் கொண்ட அலைச் சின்னம் மெஷினில் இருக்கிறதா பாருங்கள். கடைக்காரர் தொகையை அடித்து, “டேப், இன்சர்ட், ஸ்வைப்” என்று திரை கேட்ட பிறகுதான் காட்ட வேண்டும். முன்கூட்டியே காட்டினால் ஒன்றும் ஆகாது. போனைப் பூட்டு நீக்கி, திரை ஒளிர்ந்த நிலையில் பின்பக்கத்தைச் சின்னத்தின் மேல் வையுங்கள். கூகுள் பேயைத் திறந்து வைக்க வேண்டிய அவசியமில்லை.

“தட்டுவது” என்ற சொல்லே தப்பான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. தட்டி எடுத்துவிடக் கூடாது. வைத்துப் பிடிக்க வேண்டும். ஒன்றிரண்டு வினாடி, மெஷின் பீப் அடிக்கும் வரை. பல மெஷின்களில் நான்கு சிறு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து முடிவதைப் பார்க்கலாம். இரண்டாவது விளக்கில் போனை இழுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

என்எஃப்சி எட்டும் தூரம் நான்கு சென்டிமீட்டருக்குள். போனின் எந்த இடம் மெஷினின் எந்த இடத்தைப் பார்க்கிறது என்பது முக்கியம். போனில் ஆன்டெனா இருக்கும் இடத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்: அலைச் சின்னம் உள்ள ஒரு வங்கிக் கார்டையோ மெட்ரோ கார்டையோ எடுங்கள். என்எஃப்சியை ஆன் செய்து, பூட்டு நீக்கிய போனின் பின்பக்கத்தில் கார்டை கேமராவிலிருந்து கீழ்நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் போன் அதிரும், அல்லது ‘டிக்’ என்று ஒலிக்கும், அல்லது “இந்த டேகுக்குச் செயலி இல்லை” என்று சொல்லும். அதுதான் இடம். பெரும்பாலும் கேமராவுக்குச் சற்றுக் கீழே, அல்லது பின்பக்க நடுவில் இருக்கும். மெஷினில் வாசிக்கும் இடம் சிலவற்றில் திரையின் மேலேயே இருக்கும், சிலவற்றில் திரைக்கு மேல் விளிம்பில், சிலவற்றில் பக்கவாட்டில். சின்னம் எங்கே அச்சாகியிருக்கிறதோ அங்கே.

5000 ரூபாய்க்கு மேல் கட்ட முடியுமா? எந்தப் பின் போட வேண்டும்?

முடியும். பின் போடாமல் காண்டாக்ட்லெஸ்ஸில் கட்டும் உச்சவரம்பு முன்பு 2000 ரூபாயாக இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி அதை 5000 ஆக்கியது. உங்கள் வங்கிச் செயலியில் இதைவிடக் குறைவாக நீங்களே வைத்துக்கொள்ளலாம். தொகை வரம்பைத் தாண்டினால் மெஷின் பின் கேட்கும். அது கார்டின் நான்கு இலக்கப் பின், ஏடிஎம்மில் போடுவது. யூபிஐ பின் அல்ல, போன் பூட்டின் பின்னும் அல்ல. கிரெடிட் கார்டுக்குப் பின்னே போட்டுக்கொள்ளாதவர்கள் நிறைய. முதல் பெரிய பில்லில்தான் தெரியவரும். முன்னதாக வங்கிச் செயலியில் போட்டுக்கொள்ளுங்கள்.

காட்டினேன், ஒன்றுமே நடக்கவில்லை. எங்கிருந்து தேடுவது?

போன் எதிர்வினை செய்ததா என்பதை முதலில் பாருங்கள். அதிரவும் இல்லை, திரையில் கார்டு படமும் வரவில்லை என்றால் அலையே எட்டவில்லை. என்எஃப்சி ஆஃப், ஆன்டெனா இடம் தவறு, அல்லது உறை. காரில் காந்தத் தாங்கியில் ஒட்டுவதற்காகப் போன் உறைக்குள் வைக்கும் இரும்புத் தகடு அலையை விழுங்கிவிடும். உறையின் பின்னால் மெட்ரோ கார்டோ ஆபீஸ் அடையாள அட்டையோ சொருகி வைத்திருந்தால், மெஷின் ஒரே நேரத்தில் இரண்டு கார்டைப் பார்த்துக் குழம்பி, “ஒரே ஒரு கார்டைக் காட்டவும்” என்று சொல்லும்.

போனில் கார்டு படம் வந்து, டிக் குறியும் வந்து, மெஷினில் டிக்ளைன் ஆனால் அலையில் குறையில்லை, வங்கி மறுத்திருக்கிறது. காண்டாக்ட்லெஸ் சுவிட்ச், தினசரி வரம்பு, கணக்கிருப்பு இவற்றைப் பாருங்கள். போனின் டிக் குறிக்கு அர்த்தம் “கார்டுத் தகவலை மெஷினுக்குக் கொடுத்துவிட்டேன்” என்பது மட்டும்தான். பணம் போய்விட்டது என்பதற்குச் சாட்சி மெஷினின் சீட்டும் வங்கியின் எஸ்எம்எஸ்ஸும்.

மூன்றாவது வகை: செயலியே போனை ஏற்க மறுப்பது. ரூட் செய்த போன், பூட்லோடர் திறந்த போன், கஸ்டம் ரோம் போட்ட போன், அதாவது கம்பெனி தந்த மென்பொருளின் பூட்டைத் திறந்தோ மாற்றியோ வைத்த போன், இவற்றில் டேப் வசதி வராது. பிளே ஸ்டோரில் உங்கள் படம், செட்டிங்ஸ், அபவுட் என்று போனால் பிளே ப்ரொடெக்ட் சான்றிதழ் வரி இருக்கும். அதில் டிவைஸ் சர்டிஃபைடு என்று இல்லையென்றால் காரணம் அதுதான். செகண்ட் ஹேண்ட் போன் வாங்குபவர்கள் காசு கொடுக்கும் முன் இந்த ஒரு வரியைப் பார்த்துவிடலாம்.

மெஷினில் ஃபெயில், ஆனால் பணம் கழிந்துவிட்டது. வேறு வழியில் மறுபடி கட்டலாமா?

சீட்டு வரவில்லை என்றால் கட்டுங்கள். ஆனால் கழிந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். கணக்கில் கழிந்து கடையில் சீட்டு வராத பரிமாற்றத்தை, நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. ஆறாவது நாள் புகார் எழுதும்போது இந்த விதியை ஒரு வரியில் குறிப்பிடுங்கள், பேச்சு சுருங்கும்.

நெட் இல்லாத அடித்தளக் கடையில் வேலை செய்யுமா?

செய்யும். நெட் தேவைப்படுவது மெஷினுக்கு. போன், ஏற்கெனவே வாங்கி வைத்த தற்காலிகச் சாவிகளைக் கொண்டு சில முறை கட்டிவிடும்; அவை தீர்ந்தால் ஒருமுறை நெட்டில் இணைந்தால் போதும். ஆனால் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டால் கதை முடிந்தது.

பில்லில் கடைசி நான்கு எண் என் கார்டு எண்ணாக இல்லையே?

அது சரிதான். போனுக்குள் உங்கள் உண்மையான கார்டு எண் இல்லை. கார்டு நெட்வொர்க் கொடுத்த மாற்று எண் இருக்கிறது. இதை டோக்கன் என்பார்கள். அந்தப் போனுக்கும் அந்தச் செயலிக்கும் மட்டுமே செல்லும். கடைக்கு இந்த எண்தான் போகிறது. பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது கடைக்காரர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு “இந்தக் கார்டில் கட்டவில்லை” என்பார். கூகுள் பேயில் கார்டைத் தொட்டால் விர்ச்சுவல் அக்கவுன்ட் நம்பரின் கடைசி நான்கு எண் தெரியும், அதைக் காட்டுங்கள். மெஷின் கேட்டால் அதே போனைத்தான் மறுபடி காட்ட வேண்டும்.

கூட்ட நெரிசலில் யாராவது மெஷினை என் பையோடு ஒட்டிப் பணம் எடுத்துவிடுவார்களா?

பூட்டிய, திரை அணைந்த போனிலிருந்து எடுக்க முடியாது. இந்த விஷயத்தில் போன், பர்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் கார்டைவிடப் பத்திரம். பிளாஸ்டிக் கார்டுக்குப் பூட்டே கிடையாது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒருமுறை மட்டுமே செல்லும் குறியீடு உருவாவதால், நடுவில் யாராவது அதைப் பிடித்தாலும் மறுபடி பயன்படாது. உண்மையான ஆபத்து பூட்டில்தான் இருக்கிறது: 1234 என்று பின் வைத்தால், அல்லது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பேட்டர்ன் வைத்தால், மற்ற பாதுகாப்பெல்லாம் வீண்.

போன் தொலைந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

வேறொரு போனிலிருந்து கூகுளின் ஃபைண்ட் ஹப் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, போனைப் பூட்டுங்கள். கிடைக்காது என்று தெரிந்தால் அழித்துவிடுங்கள். பிறகு வங்கியை அழைத்து அந்தப் போனில் உள்ள டோக்கனை நீக்கச் சொல்லுங்கள். டோக்கனை மட்டும் நீக்கினால் பிளாஸ்டிக் கார்டு வழக்கம்போல் வேலை செய்யும். பதறிப்போய் கார்டையே பிளாக் செய்ய வேண்டாம். சிம்மையும் முடக்குங்கள், ஏனென்றால் ஓடிபி எல்லாம் அதில்தான் வரும்.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள், வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் நடந்த மோசடியை, வங்கித் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

யூபிஐயிலும் டேப் இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் அது வேறு முறை. 2022-ல் கூகுள் பே, பைன் லேப்ஸ் மெஷின்களோடு சேர்ந்து கொண்டுவந்த முறையில், போனை மெஷினில் காட்டினால் தொகை கூகுள் பேயில் தானாக வந்து நிற்கும். யூபிஐ பின் போட்டு முடிக்க வேண்டும். அதாவது கியூஆரை ஸ்கேன் செய்யும் வேலை மட்டும் குறைகிறது. கார்டு எதுவும் சேர்க்கத் தேவையில்லை. 2023 செப்டம்பரில் அறிமுகமான யூபிஐ லைட் எக்ஸ், நெட் இல்லாமல் என்எஃப்சி வழியாகச் சிறு தொகை அனுப்புவதற்கானது. இரு பக்கமும் அந்த வசதி இருந்தால்தான் நடக்கும்.

சென்னை மெட்ரோ கேட்டில் போனைக் காட்டினால் திறக்குமா?

கூகுள் பேயில் சேர்த்த கார்டுக்குத் திறக்காது. அந்த கேட் எதிர்பார்ப்பது என்சிஎம்சி என்ற பொதுப் பயண வகைக் கார்டை, சிங்காரச் சென்னை கார்டு போன்றதை. அதில் பயணப் பணம் கார்டின் சிப்பிலேயே இருக்கும். கேட் வங்கியைக் கேட்காமல் அங்கிருந்தே கழித்துக்கொள்கிறது. போனில்தான் போக வேண்டும் என்றால் கியூஆர் டிக்கெட் எடுங்கள்.

புதுப் போன் வாங்கினால்?

டோக்கன் பழைய போனோடு கட்டுண்டது, பேக்கப்பில் வராது. புதிய போனில் கார்டை மறுபடி சேர்த்து ஓடிபி போட வேண்டும். பழைய போனை விற்கும் முன் கூகுள் பேயிலிருந்து கார்டை நீக்கிவிட்டு, அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கைரேகையையும் பின்னையும் எடுத்துவிட்டுப் பூட்டே இல்லாமல் ஆக்கினாலும் டேப் கார்டுகள் போய்விடும். குழந்தைக்கு விளையாடக் கொடுக்கப் பூட்டை எடுத்த அன்று மாலையே, மளிகைக் கடையில் போன் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.